‘இரும்புப் பனி’யும் ஒரு காதுப் பரிசோதனையும்

1

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்தில், உலோக மாதிரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கூடத்தில் இரும்பு அறுக்கும் இயந்திரங்கள் ஓடுவதால் எங்களுக்கும் அவ்வப்போது காதுப் பரிசோதனை உண்டு. குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டும்.

இந்த முறை இடது காதில் ஒரு சத்தம் வந்தது. கொசுவின் ரீங்காரத்தைவிடக் கூர்மை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் பொத்தானை அழுத்தவில்லை. அடுத்து கிதார் நுழையும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். “ஃப்ராவ் நடராஜன், எதுவும் கேட்கவில்லையா?”

நடராஜன் என் அப்பா. பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் பதினாறு ஆண்டுகளாகத் தன்னைத் திருமதியாக்கிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. என் பெயர் அரசி. அதைக் கூப்பிட இங்கே வீட்டுக்கு வெளியே ஆளில்லை.

“கேட்டது” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜெர்மன் மொழியில் கேட்டதற்கும் சொந்தமானதற்கும் ஒரே சொல், கெஹ்யோர்ட். முன்னும் பின்னும் ஒட்டுகிற சிறுசொற்கள்தான் வேறு. அவசரத்தில் எனக்கு இன்னும் சறுக்கும் இடம் அது. “அது என்னுடையது” என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, கதவைச் சாத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.

அந்தச் சத்தம் ‘இரும்புப் பனி’ என்ற இசைத்தொகுப்பின் அடிச்சுருதி. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டவர்களை எல்லாம் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். அதில் பாடியிருப்பது நான்.

2

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவேடுகள் எழுதும் வேலை. அங்கே உருட்டும் பகுதியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் இக்பால் பாய். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பம். அவருக்கு மட்டும் வியாபாரம் ஒட்டவில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

ஒரு நாள் எங்கள் அலுவலகத்தில் டியூப் லைட் மாற்ற ஏணியில் ஏறியவர், மேலேயிருந்தே கேட்டார்.

“நீ பாடுவியா?”

“இல்ல பாய். சும்மா முணுமுணுப்பேன்.”

“அதான் வேணும். பாடுறவங்க நெறய பேரு கீறாங்க. முணுமுணுக்க ஆளு இல்ல.”

ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச்சாவடியில் நின்றிருந்த வடகிழக்கு மாநில லாரி ஒன்றின் ஓட்டுநர், பெயர் எழுதாத ஒரு கேசட்டை அவருக்குக் கொடுத்திருந்தார். தண்ணீருக்குள் வாசிப்பது போன்ற கிதார், நீண்டுகொண்டே போகும் எதிரொலி, பின்னாலிருந்து முன்னால் ஓடும் நாடா. அது சைகடெலிக் ராக் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அந்தச் சத்தத்தைத் தானும் செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். உடைந்த ரேடியோக்களின் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கி, கிதாரின் குரலை அரம்போல் மாற்றும் பெட்டி ஒன்றை அவரே செய்தார்.

மூன்றாவது ஆள் சீனு. எளாவூரில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், லாரிக்காரர்களிடம் இந்தி. கல்யாண பேண்டில் டிரம்ஸ் அடித்தவர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் அந்தக் கடைக் கொட்டகைதான் எங்கள் பதிவுக்கூடம். குழுவுக்கு ‘சோதனைச்சாவடி’ என்று பெயர் வைத்ததும் சீனுதான். எங்கள் வீட்டில் ஞாயிறு ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன்.

கடைக்குப் பின்னால், யாரோ இறக்கிப்போட்டு எடுத்துப் போகாத பெரிய சிமெண்ட் குழாய்கள் கிடந்தன. எதிரொலி வேண்டுமென்றால் ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். சில பாடல்களுக்கு நானே குழாய்க்குள் உட்கார்ந்து பாடினேன். மே மாத வெயிலில் உள்ளே மூச்சு முட்டும். “இன்னும் ஒரு தபா, இன்னும் ஒரே ஒரு தபா” என்று வெளியிலிருந்து இக்பால் பாயின் குரல் வந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வாரமும் வேலை தொடங்குமுன் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தான் செய்த ஒரு சிறு கருவியின் திருகைத் திருப்பி அடிச்சுருதியைப் பிடிப்பார். எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். ஆனாலும் போன வாரம் வைத்த அதே சுருதியில்தான் வந்து நிற்கும்.

“எங்கருந்து பாய் புடிக்கிறீங்க இத்த?”

“இங்கருந்து” என்று இடது காதைத் தொட்டுக் காட்டுவார். கலைஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

3

பரிசோதனை முடிந்து வந்த சனிக்கிழமை காலை, சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டே அந்தத் தொகுப்பைத் தேடிப் போட்டேன். சீனு எப்போதோ இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். கீழே முகம் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். ‘நியோ-சைகடெலிக்’ என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாங்கள் செய்தது இன்னதென்று ஒரு அந்நியர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஏழு பாடல்கள். முதல் பாடலை இப்போது கேட்டால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கேசட்டில் கேட்டதையெல்லாம் ஒரே பாட்டில் திணித்திருக்கிறோம். இரண்டாவதிலிருந்துதான் இது எங்கள் தொகுப்பாகிறது. நெடுஞ்சாலைச் சத்தத்தை எப்படித் தடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் இக்பால் பாய் தடுப்பதை நிறுத்திவிட்டு மைக்கைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்தார். லாரியின் காற்று பிரேக் உஸ்ஸென்று விடுகிற மூச்சுக்கு நடுவே கிதார் நுழைகிறது. எது இயந்திரம், எது இசை என்று பிரிக்க முடியாது. பிரிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பாட்டு.

மூன்றாவது, ‘பூநாரை’. பழவேற்காட்டு ஏரியில் பறவைகள் இறங்குவதைப் பின்னோக்கி ஓட்டிய கிதாரில் செய்திருப்பார். இறங்குகின்றனவா ஏறுகின்றனவா என்று கடைசிவரை சொல்ல முடியாது. நான்காவது, ‘குழாய்க்குள் யாரோ’. பத்து நிமிடத்தில் நான் பாடுவது ஐந்தே சொற்கள். ஒவ்வொரு சொல்லும் போய்த் திரும்பி, திரும்பி வந்ததன் மேல் அடுத்த சொல் விழுந்து, ஒரு ஆள் ஊராகிவிடும். உலகத்தில் எந்த மேடையிலும் வைக்கத்தகுந்த பாட்டு என்று இதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

ஐந்தாவதும் ஆறாவதும் இருண்டவை. கிதார் குறைந்து அடிச்சுருதி முன்னுக்கு வருகிறது. ஏதோ ஒன்று மாறிவிட்டது அதில் தெரிகிறது. ஏழாவது, ‘கேக்குதா’. அந்த ஒரு சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப முணுமுணுக்கிறேன். கடைசி இரண்டு நிமிடத்தில் டிரம்ஸ் நின்று, கிதார் நின்று, என் குரலும் நின்று, அந்தச் சுருதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மங்கி அணைவதில்லை. வெட்டப்படுகிறது.

என் மகள் யாழினி உள்ளே வந்தாள். பதினான்கு வயது. இங்கே பிறந்தவள். தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பாள்.

“அம்மா, ஸ்பீக்கர் கபுட்டா?” பழுதாகிவிட்டதா என்று கேட்கிறாள்.

“இல்லடி. பாட்டு. பாடுறது நான்.”

அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். “கேக்குதா... இது நீ இந்தியாக்கு போன் பண்ணா சொல்றதுதானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு என் இளமையிலிருந்து பிடிபட்டது அந்த ஒரு சொல்தான்.

4

இவ்வளவு நல்ல தொகுப்பை இத்தனை ஆண்டுகள் ஏன் திரும்பக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

நான்கு பாடல்கள் முடிந்திருந்த சமயத்தில், ஆலைக்குக் காதுப் பரிசோதனை வேன் வந்தது. உருட்டும் பகுதியில் வேலை செய்த எல்லோரையும் சோதித்து, ஆளுக்கொரு வரைபடம் போட்டு, கட்டாக எங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. மேனேஜர் அந்தக் கட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

“எல்லாருக்கும் நார்மல்னு எழுதிடும்மா. இன்ஸ்பெக்‌ஷன் வருது. அப்புறம் பாத்துக்கலாம்.”

கட்டு அவர் கைக்குப் போகுமுன் நான் ஒருமுறை புரட்டியிருந்தேன். இக்பால் பாயின் இடது காதுக் கோடு, நேராக வந்துகொண்டே இருந்து, ஒரு இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியது. வலது காதும் சரியத் தொடங்கியிருந்தது.

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. வேலை அனுபவச் சான்றிதழில் அந்த மேனேஜர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ‘இயல்பு’ என்று எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க, அழகான கையெழுத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக. தொழிலாளர்கள் வரிசையில் வந்து அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்கள். இக்பால் பாயும் போட்டார். நான் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பாடல்கள் பாடினேன். பிறகு விமானம் ஏறினேன். சிடி வந்தபோது உறையில் என் பெயர் இல்லை. வேண்டாம் என்று சொன்னது நான்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று காரணம் சொன்னேன். அது பாதிக் காரணம்.

5

அந்தச் சனிக்கிழமை மதியமே சீனுவுக்குப் போன் செய்தேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு.

“யாரு? அரசியா? அட நைனா! உயிரோட கீறியா நீ?” என்று கத்தினார். பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். டயர் கடை, மகன் என்று கொஞ்சம் பேசினார். இக்பால் பாய் எப்படி என்று கேட்டேன். கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார்.

“அவருக்கு சுத்தமா காது பூட்ச்சும்மா. ரெண்டும். வேலைய உட்டு நிறுத்திட்டானுங்க. திருவள்ளூர்ல கேஸ் போட்டுக்கிறாரு, ஆலைச் சத்தத்துலதான் போச்சுன்னு. கம்பெனி வக்கீலு இன்னா பண்ணான் தெரியுமா?”

“இன்னா?”

“நம்ம சிடிய கொண்டாந்து டேபிள் மேல வச்சுட்டான். ‘இவரு சத்தமா கிதார் வாசிக்கிற ஆளு, அதுலதான் காது போச்சு. ஆலைல இருக்க சொல்லோ நார்மலாத்தான் இருந்துச்சு, தோ ரிஜிஸ்டரு’ன்றான். நம்ம பாட்ட மொத்தமா உக்காந்து கேட்ட ஒரே ஆளு அந்த வக்கீலுதான் போலக்கீது.”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. அடுப்பில் குழம்பு அடிபிடித்து, வீடு முழுக்கப் புகை மணி அலறியது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். யாழினி ஓடிவந்து நாற்காலி மேல் ஏறி நிறுத்தினாள்.

6

பதிவேட்டில் நான் எழுதியதையும், வழக்கில் அதை ஒப்புக்கொள்ளப் போவதையும் என் கணவரிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. யோசித்தார்.

“இப்ப எதுக்கு? நம்ம குடியுரிமை விண்ணப்பம் உள்ள இருக்கு. பொய்ப் பதிவு எழுதினேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு இங்க யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ? பாஸ்போர்ட் வந்தப்புறம் குடேன்.”

“அதுக்குள்ள கேஸ் முடிஞ்சுரும்.”

“பதினாறு வருஷம் சொல்லாம இருந்தியே” என்றார். அது குத்தலாகச் சொன்னதில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

உறுதிமொழிப் பத்திரம் எழுதி, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ரயிலில் போய், துணைத்தூதரகத்தில் சான்று வாங்கினேன். அப்பாவின் பெயரை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பதில் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று இன்னொரு முறை. கடைசியில் கையெழுத்தை மட்டும் உறுதிசெய்து, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு முத்திரை குத்தித் தந்தார்கள். சீனு மூலம் அனுப்பினேன். தாள் மட்டும் போதாது, ஆள் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. விடுப்பு எடுத்துக் கிளம்பினேன்.

விசாரணைக்கு முந்தின நாள், பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடித்தேன். கதவைத் திறந்தது இக்பால் பாயின் மனைவி மெஹர் அக்கா. எனக்கு அவரை முன்பு தெரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

“நீதான் அந்த ரிஜிஸ்டர் எழுதுன பொண்ணா?”

“ஆமாக்கா.”

“சீனு சொன்னாரு. உள்ள வா. செருப்ப அங்க உடு.”

டீ கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்காரவில்லை, நின்றார்.

“ஊட்ல எதனா ஒன்னு கீழ வுழுந்தா நாங்க திரும்பிப் பாப்போம். இவரு பாக்க மாட்டாரு. கம்முனு உக்காந்துகினு இருப்பாரு. ஆனா காது அமைதியா இல்லயாம். ஒரே ஒரு சத்தம் உள்ள ஓடிகினே கீதாம். தூக்கத்துலயும் நிக்காதாம். எங்க சத்தம் எதுவும் கேக்கல, அது மட்டும் கேக்குதாம்.”

எது அந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதன் சுருதி தெரியும்.

இக்பால் பாய் பின்கட்டிலிருந்து வந்தார். தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் வந்து, தன் குரல் தனக்குத் தெரியாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், “இளச்சுட்டியே!” என்றார். ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். இனி நான் பேச வேண்டியது அதில்தான்.

‘மன்னிச்சுடுங்க பாய்’ என்று எழுதினேன். படித்தார். பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

“பசங்க எத்தினி பேரு?” என்றார்.

7

திருவள்ளூரில் தொழிலாளர் துறை அலுவலகம். அதிகாரி ஒரு அம்மா. கடுமையானவர் இல்லை. களைத்தவர். மேசையின் ஒரு பக்கம் ஆலையின் வக்கீல், மறுபக்கம் நாங்கள். மெஹர் அக்கா பின்வரிசை பெஞ்சில். மேசை மேல் பதிவேடு. அதன் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், ‘இரும்புப் பனி’.

“இந்தக் கையெழுத்து உங்களோடதா?”

“ஆமா மேடம்.”

“அப்ப இதுல நீங்க எழுதினது பொய்?”

“ஆமா. அவரோட சார்ட்ட நான் பாத்தேன். எடது காது மோசமா இருந்துச்சு. நார்மல்னு எழுதினேன்.”

“யார் சொல்லி?”

“மேனேஜர். வாயால சொன்னாரு. தாள்ல எதுவும் இல்ல.”

எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாகப் போவதுபோல் இருந்தது. வக்கீல் குறுக்கே பேசவில்லை. நான் முடித்தபிறகு மெதுவாக எழுந்து, மனுதாரரிடம் ஒரே ஒரு கேள்வி என்றார்.

“பதிவேட்டில் உள்ளது தவறு என்று அவருக்கு எப்போது தெரியும்?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அவருக்குக் கேக்காது இல்ல? நீங்களே எழுதிக் காட்டுங்க.”

நோட்டு என் கையில் இருந்தது. அந்தக் கேள்வி எங்கே போகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால், அப்போதே ஏன் புகார் செய்யவில்லை என்று வரும். சட்டத்தில் இதற்கெல்லாம் காலவரம்பு இருக்கிறது. ‘காது முழுதாக எப்போது போனது’ என்று நான் எழுதிக் காட்டியிருக்கலாம். நான் எழுதுவதை அவரைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அவர் ‘இப்போ கொஞ்ச வருசமாத்தான்’ என்று சொல்லியிருப்பார். அந்தப் பதில் இந்தக் கேள்விக்கும் பொருந்தியிருக்கும்.

கேட்டதை அப்படியே எழுதினேன். அவர் படித்தார். அறை முழுக்க ஒலிக்கும் குரலில் சொன்னார்.

“அன்னிக்கே தெரியும் மேடம். வேன்ல வந்த ஆளே சொல்டாரு, எடது காது பூட்ச்சு, டாக்டர பாருன்னு. ரிஜிஸ்டர பாத்தா நார்மல்னு கீது. இவ கையெழுத்து எனக்குத் தெரியாதா? பாட்டெல்லாம் தாள்ல எழுதிக் குடுக்குறது இவதான.”

 பதினாறு ஆண்டுகள் நான் மறைத்து வைத்திருந்தது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தபிறகுதான் ‘கேக்குதா’வுக்கு மெட்டுப் போட்டு, என்னைக் குழாய்க்குள் உட்காரவைத்து, இன்னும் ஒரு தபா என்று பாட வைத்திருக்கிறார்.

“பின்னே ஏன் அப்ப புகார் கொடுக்கல?” என்றார் வக்கீல்.

அதையும் எழுதினேன். 

“குடுத்திருந்தா மேனேஜருக்கு ஒன்னும் ஆவாது மேடம். இந்தப் பொண்ணத்தான் தூக்கியிருப்பானுங்க. அப்போ நாலு பாட்டுதான் முடிஞ்சிருந்துச்சு. மூணு பாக்கி. காது போவ சொல்லோ போவட்டும், அதுக்குள்ள பாட்ட முடிச்சுடணும்னு இருந்தேன். முடிச்சுட்டேன்.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பேனாவை மூடி, அந்த சிடியை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். பிறகு, “சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கு. ஆர்டர் தபால்ல வரும்” என்றார்.

8

ஆணை நான் டூயிஸ்பர்க் திரும்பிய மூன்றாவது வாரம் வந்தது. சீனு படம் எடுத்து அனுப்பினார். மனு காலவரம்பைக் கடந்தது, தள்ளுபடி. என் வாக்குமூலத்தைப் பற்றி அதில் ஒரே வரி: ‘சாட்சி நேரில் முன்னிலையாகி ஒப்புக்கொண்டார்.’ மேல்முறையீடு செய்யலாமா என்று சீனு ஒரு வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்பிக்கையோடு பேசுவதில்லை. என் குடியுரிமை விண்ணப்பமும் நகரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. என் கணவர் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. யாழினி ஒரு நாள் தன் போனில் நான்காவது பாட்டை வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்தது தெரிந்ததும் மாற்றிவிட்டாள்.

விசாரணை அன்று திருவள்ளூர் அலுவலக வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டில் மெஹர் அக்கா என்னை நிறுத்தினார். உள்ளே இருந்தவரை அழாத கண் சிவந்திருந்தது.

“நீ வேற எதனா எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா? அன்னிக்கு பொய் எழுதத் தெரிஞ்ச கைதான? இன்னிக்கு ஒரு நாளு எங்களுக்கோசரம் எழுதியிருந்தா இன்னா கொறஞ்சு போயிருப்ப?”

  எழுதியது சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இக்பால் பாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சொல்றா?” என்று நோட்டை என்னிடம் நீட்டினார்.

மெஹர் அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். அவர் படித்தார். மனைவியைப் பார்த்து, “அவ வேற எழுதியிருந்தாலும் நான் இதத்தான் சொல்லிருப்பேன், போ” என்றார். மெஹர் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேருந்து பார்க்கச் சாலைப் பக்கம் நடந்தார்.

இக்பால் பாய் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் காட்டினார்.

“அந்த வக்கீலு கூட நம்ம பாட்ட கேட்டுட்டான். எனக்குதான் மறந்து பூட்டுச்சு. உள்ள இந்த ஒரு சத்தம் ஓடிகினே கீதா, மத்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. பாட்டு எப்டி கீதுன்னு எழுது. ஒன்னுலருந்து எழுது. நல்லாக்கீதுன்னு மட்டும் எழுதாத.”

எழுதினேன். முதல் பாடலில் எல்லாவற்றையும் திணித்திருக்கிறோம் என்று எழுதினேன். இரண்டாவதில் லாரி மூச்சு விடும் இடத்தையும், அதன் நடுவே கிதார் வந்து நிற்கும் இடத்தையும் எழுதினேன். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது பாட்டில், பறவைகள் ஏரியைத் தொடும் இடத்தில், நான் சுருதியை விட்டிருக்கிறேன். ஒரு வரி முழுக்க. மேலே உங்களுக்கு எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டேன். அவருக்கு எழுதினேன்.

இக்பால் பாய் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“இதான்” என்றார். “மேல எழுது.”